நூற்று நாலாம் பக்கத்து விதி

தனசிங்குக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. சேலையூரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தார். விடைத்தாளில் ஒரு கமா விட்டுப்போனால் அரை மதிப்பெண் குறைப்பார். பிள்ளைகள் அவருக்கு ‘அரை மார்க்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் வந்திருந்தது. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேறு ஆள். காலை ஆராதனை முடிந்து, வீட்டில் சாப்பிட்டு, மூன்று மணிக்கு ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டின் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அதன்மேல் சார்ட் தாளை விரிப்பார். தாளில் பென்சிலால் வரைந்த கோட்டை, ஆறு, பாலம். பக்கத்தில் இருபது முகமுள்ள பகடை. நாலு பேர் வந்து உட்காருவார்கள். ஒவ்வொருவரும் கதையில் ஒரு பாத்திரம். தனசிங் கதையை நடத்துகிறவர், ஜி.எம். என்று கூப்பிடுவார்கள். “கதவு பூட்டியிருக்கு, என்ன பண்றீங்க?” என்று அவர் கேட்பார். உடைக்கிறேன் என்பார் ஒருவர், ஏறிக் குதிக்கிறேன் என்பார் இன்னொருவர். முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். சண்டை வந்தால் மட்டும் எல்லாம் மெதுவாகிவிடும். யார் முதலில் அடிப்பது, எவ்வளவு தூரம் நகரலாம், எத்தனை உயிர்ப் புள்ளி குறையும் என்று ஒவ்வொன்றுக்கும் விதி உண்டு. விதிகள் முந்நூறு பக்க ஆங்கிலப் புத்தகத்தில் இருந்தன. அதை முழுக்கப் படித்தவர் அந்த மேசையில் தனசிங் ஒருவர்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். அவரும் நம்பினார்.

உண்மையில் இன்னொருத்தியும் படித்திருந்தாள்.

கெசியாவுக்கு இருபத்தாறு வயது. கேம்ப் ரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். வீடு அகரம்தென். அப்பா மேடவாக்கத்து அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவள். இந்த ஆட்டத்துக்கு அவளை அழைத்து வந்தது சினேகா, சர்ச் பாடகர் குழுவில் கூடப் பாடுகிறவள். முதல் இரண்டு வாரம் கெசியா வாயே திறக்கவில்லை. மூன்றாவது வாரம், “சார், அந்த புக்கை ரெண்டு வாரம் குடுப்பீங்களா?” என்று கேட்டாள். தனசிங் கொடுத்தார். அவள் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, புரியாத சொல்லை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டு படித்தாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது இதை அவளே வெட்கப்பட்டுச் சொன்னாள். “இப்படித்தாம்மா கத்துக்கணும்” என்று தனசிங் பாராட்டினார். அந்தப் பாராட்டு அன்று உண்மையானதுதான். பின்னால் அவரை அதிகம் உறுத்தியதும் அதுதான்.

கெசியாவின் பாத்திரம் நாச்சி. தோணிக்காரி, மருந்து தெரிந்தவள். ஒரு வருடமும் இரண்டு மாதமும் கெசியா அவளை ஆடினாள். நாச்சிக்கு ஒரு தனி நோட்டு. அவள் எந்த மூலிகையை எங்கே பறித்தாள், யாருடைய காயத்துக்குத் தையல் போட்டாள், எல்லாம் அதில் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் சண்டை. தனசிங் அதற்கு இரண்டு வாரம் உழைத்திருந்தார். ஆற்றுக்கு நடுவில் கோட்டை, ஒற்றைப் பாலம், ஈட்டி பிடித்த மூன்று காவலர்கள். சண்டையின் உச்சத்தில் கோட்டைத் தலைவன் வாசலைத் திறந்துகொண்டு வந்து பேச வேண்டிய வசனத்தைக்கூட எழுதி வைத்திருந்தார். நாச்சி மூன்று காவலர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். உயிர்ப் புள்ளி ஒன்பதுதான் மிச்சம்.

இங்கே ஒரு விதி வருகிறது. ஒருவர் எதிரியின் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுவிட்டு விலகிப் போனால், அந்த எதிரி தன் முறை வராமலே ஒரு அடி அடித்துக்கொள்ளலாம். மேசையில் அதற்கு ‘ஃப்ரீ ஹிட்’ என்று பெயர், கிரிக்கெட்டிலிருந்து எடுத்தது. நாச்சி விலகினால் மூன்று ஃப்ரீ ஹிட். நின்றாலும் அடி.

பென்னி கெசியாவைப் பார்த்தான். கெசியா தலையசைத்தாள். பென்னி ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். ஆட்டத்தில் மலையன் என்ற பெரிய உடம்புக்காரன்.

“சார், நான் நாச்சியைத் தள்ளி விடறேன்” என்றான் பென்னி. “அடிக்க இல்ல. அந்த மூணு பேருக்கு நடுவுலேர்ந்து வெளிய, தோணி பக்கமா. அவ தானா நகரல. அதனால ஃப்ரீ ஹிட் கிடையாது.”

அருமையான யோசனை. நாச்சி பாலத்தடியில் கட்டியிருந்த தன் தோணியில் விழுந்தால் ஆற்றின் வழியே சுற்றிக் கோட்டையின் பின்வாசலுக்குப் போய்விடலாம். பாலத்துச் சண்டை அத்தோடு முடிந்தது. தலைவனின் வசனமும் முடிந்தது. தனசிங் சார்ட் தாளைப் பார்த்தார்.

“தள்ளினாலும் விலகினது விலகினதுதான்” என்றார். “மூணு பேருக்கும் ஃப்ரீ ஹிட்.”

“இல்ல சார்” என்றாள் கெசியா. மெதுவாகத்தான் சொன்னாள். “நூத்தி நாலாம் பக்கத்துல அப்டி இல்ல. அவனே நவுந்தாதான்னு போட்டுகீது சார்.”

புத்தகம் தனசிங்கின் இடது கைக்குப் பக்கத்தில் இருந்தது. திறந்து பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும். அவர் திறக்கவில்லை.

“கெசியா, இங்கிலீஷை இங்கிலீஷா படிக்கணும்” என்றார். “போன்ல தமிழாக்கிப் படிச்சா அதுல அப்டித்தான் ‘போட்டுகீது’.”

கடைசிச் சொல்லை அவள் சொன்ன மாதிரியே இழுத்துச் சொன்னார்.

எல்லோரும் சிரித்தார்கள். சினேகா சிரித்தாள். ஏர்போர்ட் சரக்கு அலுவலகத்தில் வேலை செய்யும் ஜோசலின் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். கெசியாவுக்காகப் பேசிய பென்னியும் சிரித்தான். கெசியாவும் சிரிக்கிற மாதிரி உதட்டை அசைத்தாள். அவள் கை போனை எடுத்தது, கொஞ்ச நேரம் வைத்திருந்தது, திரும்பப் பையில் போட்டது.

தனசிங் பகடையை மூன்று முறை உருட்டினார். இரண்டு அடி பட்டது. நாச்சி செத்தாள்.

“சரி சார்” என்று கெசியா ரப்பரால் ஒன்பதை அழித்துப் பூஜ்யம் போட்டாள். பிறகு இரண்டு மணி நேரம் ஆட ஒன்றும் இல்லாமல், எழுந்து போகாமல், மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டைத் தலைவன் வந்து வசனம் பேசினான். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் பள்ளியில் மூன்றாம் பீரியட் அவருக்கு ஓய்வு. தனசிங் விதிப் புத்தகத்தைப் பையில் கொண்டுபோயிருந்தார். கெசியா மறுபடி கேட்டால் சொல்வதற்குச் சரியான வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நூற்று நாலாம் பக்கத்தைத் திறந்தார்.

விதி இரண்டு வரி. நடுவில், இரண்டு கமாவுக்கு இடையில், சின்னதாக ஒரு துணை வாக்கியம்: தன் விருப்பத்தால் நகரும்போது. அதற்குக் கீழே கட்டம் கட்டி ஓர் எடுத்துக்காட்டும் இருந்தது. தள்ளப்பட்டவருக்கும் இழுக்கப்பட்டவருக்கும் இது பொருந்தாது என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். ஐந்து வருடமாக அந்தப் பக்கத்தை அவர் படித்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு கமாக்களுக்கு நடுவில் இருந்தது அவர் கண்ணில் பட்டதே இல்லை.

யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார். எதிர் மேசையில் கணக்கு வாத்தியார் ஞானையா டிபன் டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். தனசிங் புத்தகத்தை மூடிப் பைக்குள், நோட்டுகளுக்கு அடியில் வைத்தார்.

போனை எடுத்து, ‘கெசியா, நீ சொன்னதுதான் சரி’ என்று தட்டினார். அழித்தார். மதியம் மறுபடி தட்டினார். அழித்தார். ஆங்கில வாத்தியார் ஆங்கிலத்தைத் தப்பாகப் படித்தார், தமிழில் படித்த பெண் சரியாகப் படித்தாள். அதை எழுத அவருக்கு விரல் ஓடவில்லை.

செவ்வாய்க்கிழமை சினேகா ஆட்டக்காரர்களின் வாட்ஸப் குழுவில் எழுதினாள்: ‘சார், சண்டை ரூல்ஸ் எல்லாம் ரொம்ப கன்ஃப்யூஸிங்கா இருக்கு. நீங்களே தமிழ்ல நோட்ஸ் மாதிரி எழுதிக் குடுத்தீங்கன்னா எல்லாருக்கும் ஈஸியா இருக்கும்.’

தனசிங் அதைப் பிடித்துக்கொண்டார். நாலு நாள் உட்கார்ந்து பதினோரு பக்கம் எழுதினார். சொல்லப்போனால் அவர் வாழ்க்கையில் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான். சண்டையில் முறை என்பது கோவளத்தில் மீன் ஏலம் மாதிரி, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினாலும் ஏலம் விடுகிறவர் ஒருவர் பின் ஒருவராகத்தான் காதில் வாங்குவார் என்று எழுதினார். ஃப்ரீ ஹிட் ஆறாவது பக்கத்தில் வந்தது. தாம்பரத்தில் நாமாக ரயிலைவிட்டு இறங்குவது வேறு, கூட்டம் நம்மை அதற்கு முந்தின ஸ்டேஷனான சானடோரியத்திலேயே பிதுக்கி வெளியே தள்ளிவிடுவது வேறு. தானாக இறங்கினவன்மேல்தான் ஃப்ரீ ஹிட் விழும், தள்ளப்பட்டவன்மேல் இல்லை என்று விளக்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழே ஒரு குறிப்பும் சேர்த்தார்.

‘நம் மேசையில் இதுவரை இந்த விதியைக் கடுமையாக்கி ஆடிவந்தோம். இனிமேல் புத்தகத்தில் உள்ளபடியே ஆடுவோம்.’

‘கடுமையாக்கி’ என்ற சொல்லுக்கு அவருக்கு இருபது நிமிடம் பிடித்தது. முதலில் ‘மாற்றி’ என்று எழுதினார். ‘தவறாக’ என்று எழுதவே இல்லை.

குழுவில் போட்டதும் பாராட்டு குவிந்தது. சினேகா கைதட்டும் படங்களை வரிசையாகப் போட்டாள். கெசியா கட்டைவிரல் ஒன்று போட்டாள். அந்த ஞாயிறு அவள் வரவில்லை. ‘டூட்டி சார்’ என்று எழுதினாள். அடுத்த ஞாயிறும் டூட்டி. அதற்கடுத்ததும்.

பதினோரு பக்கமும் கைமாறிக் கைமாறிப் போனது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையன் நன்றி சொல்லி எழுதினான். பெங்களூரில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் அதை அச்செடுத்து வைத்திருப்பதாகப் படம் அனுப்பினார்கள். ஒவ்வொரு பாராட்டு வரும்போதும் தனசிங்குக்கு ஆறாவது பக்கம் கண்முன் வந்தது. திருடின சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன மாதிரி இருந்தது என்று பிறகு மனைவியிடம் சொன்னார்.

மேடவாக்கத்தில் ஜேசன் என்பவர் பலகை விளையாட்டுகளுக்காக ஒரு சின்ன கஃபே நடத்திவந்தார். அவர் போன் செய்தார். “தனா சார், சனிக்கிழமை சாயந்திரம் புதுசா வர்றவங்களுக்கு நீங்க வந்து சண்டை ரூல்ஸை விளக்கணும். உங்க நோட்ஸை வெச்சுதான் எல்லாரும் ஆடறாங்க.” மறுக்கக் காரணம் சொல்லத் தெரியவில்லை. போனார்.

இருபத்தைந்து பேர் வந்திருந்தார்கள். பின்வரிசையில் பென்னி. தனசிங் ஒரு மணி நேரம் பேசினார். வகுப்பில் பேசுவதைவிட நன்றாகப் பேசினார். ஃப்ரீ ஹிட் வந்தபோது ஒரு கல்லூரிப் பெண் கை தூக்கினாள். “சார், கூட இருக்கற ஃப்ரெண்டே காப்பாத்தறதுக்காகத் தள்ளிவிட்டா? அப்பவும் அடி கிடையாதா?”

“கிடையாது” என்றார் தனசிங். “தள்ளினது யாருன்னு விதிக்குக் கவலையில்ல. தானா நகர்ந்தாங்களான்னுதான் பார்க்கணும்.”

பென்னி எழுந்து நின்றான். அவனிடம் குத்திக்காட்டும் எண்ணம் இல்லை. உண்மையாகவே அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“சார், அப்போ அன்னைக்குப் பாலத்துல கெசியா சொன்னது சரிதானே?”

இருபத்தைந்து முகங்களும் தனசிங்கைப் பார்த்தன. ஆமாம் என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல் வாய்வரை வந்தது.

“அன்னைக்கு நிலைமை வேற பென்னி” என்றார். “பாலம் ரொம்ப குறுகல். தள்ளறதுக்கு இடமே இல்ல. அதனால அது தள்ளினதா கணக்குல வராது.”

அப்படி ஒரு விதி எங்கேயும் இல்லை. அந்த நிமிடத்தில் அவர் உண்டாக்கியது.

பென்னி அவரையே பார்த்தான். அவன் அந்தப் பாலத்தை வரைந்த சார்ட் தாளைப் பார்த்தவன். எத்தனை கட்டம் அகலம் என்று அவனுக்குத் தெரியும். “ஓகே சார்” என்று உட்கார்ந்தான். கூட்டம் கைதட்டியது. ஜேசன், கஃபேயின் பெயர் அச்சிட்ட கோப்பை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் செம்பாக்கம் வரைக்கும் பேருந்து ஊர்ந்தது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி, பின்பக்கத்துக் குழாயிலிருந்து சாலையில் சொட்டிக்கொண்டே போனது. தனசிங் அந்த லாரியைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதல் தடவை சொன்னது தெரியாமல் சொன்னது. இன்று சொன்னது தெரிந்தே சொன்னது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரத்தை அவர் அந்த நெரிசலில் மெல்ல மெல்லக் கடந்தார்.

மனைவி அமலராணி தாம்பரத்தில் தபால் அலுவலகத்தில் வேலை செய்கிறவர். தோசைக்கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். தனசிங் கோப்பையை அலமாரியில் வைக்காமல் சமையலறை மேடையில் வைத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அமலராணி முதலில் சிரித்தார்.

“இதுக்கா ஒரு மாசமா மூஞ்சிய தூக்கி வெச்சிக்கிட்டு இருந்தீங்க? பகடை விளையாட்டுல ஒரு ரூலு. தப்பா சொல்லிட்டேன்னு சொல்லிட்டுப் போங்களேன்.”

“சொல்ல முடியல ராணி.”

“ஏன் முடியல? அந்தப் பொண்ணை அப்படி என்ன சொன்னீங்க?”

தனசிங் பொதுவாகச் சொல்லிப் பார்த்தார். “சும்மா, கிண்டலா ஏதோ…”

“என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க.”

சொன்னார். ‘போட்டுகீது’ என்று இழுத்ததையும் இழுத்துக் காட்ட வேண்டியிருந்தது. தன் சமையலறையில், தன் குரலில் அதைக் கேட்டபோது அவருக்கே சகிக்கவில்லை.

அமலராணி தோசையைத் திருப்பிப் போட்டார். சிரிப்பு போய்விட்டிருந்தது. “கிளாஸ்லயும் இப்படித்தான் பேசுவீங்களா?” என்று கேட்டார்.

தனசிங் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு யோசித்தார். போன வாரம் ஒரு பிள்ளை ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்று படித்தது. அதே மாதிரி திருப்பிச் சொன்னார். வகுப்பு சிரித்தது. அதற்கு முந்தைய வாரமும் ஒன்று. இருபது வருடமாகப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தன் வகுப்பு கலகலப்பான வகுப்பு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அமலராணி தட்டை நீட்டினார். “சாப்பிடுங்க. அப்புறம் அவளைப் போய்ப் பாருங்க. போன்ல சொல்லாதீங்க.”

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குப் பரிசோதனைக் கூடம் திறந்ததும் தனசிங் போனார். வாசலில் நின்று அவளைக் கூப்பிடச் சொல்லலாம். தைரியம் வரவில்லை. வரவேற்பில் இருந்த பெண், “என்ன டெஸ்ட் சார்?” என்று கேட்டதும், “சுகர்” என்று சொல்லிவிட்டார். டோக்கன் கொடுத்தார்கள். ஏழாம் நம்பர்.

உள்ளே கெசியா வெள்ளைக் கோட்டில் இருந்தாள். அவரைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள்.

“இன்னா சார், இங்க?”

“சுகர் பார்க்கலாம்னு…”

“ஒண்ணும் சாப்பிடலியே?”

“இல்லம்மா.”

“உட்காருங்க. கையை நீட்டுங்க.” அவள் மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். “கையை மூடுங்க.”

ஊசி உள்ளே போனதும் தனசிங் ஆரம்பித்தார். “கெசியா, அன்னைக்கு நூத்தி நாலாம் பக்கம்…”

“ஆடாதீங்க சார்.”

அசையாமல் உட்கார்ந்து சொன்னார். அவள் சொன்னதுதான் சரி என்பதை மறுநாளே பார்த்துவிட்டதை, குறிப்பில் ‘கடுமையாக்கி’ என்று எழுதியதை, மேடவாக்கத்தில் பென்னியிடம் இல்லாத விதியைச் சொன்னதை. கடைசியில், “நீ பேசினதை அப்படித் திருப்பிச் சொன்னது… அது ரொம்பத் தப்பு. மன்னிச்சிரும்மா” என்றார். குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

கெசியா ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்தினாள். “மடக்கி வெச்சுக்குங்க” என்றாள். குழாயில் அவர் பெயரை எழுதி ஒட்டினாள். பிறகு பேசினாள்.

“எனக்கு அன்னிக்கே தெரியும் சார். அந்தப் பக்கத்தோட போட்டோ என் போன்ல கீது. காட்டலாம்னுதான் எடுத்தேன். எல்லாரும் சிரிச்சாங்களா, திரும்ப வெச்சிட்டேன்.”

“காட்டியிருக்கலாமே.”

“காட்டிருந்தா நீங்க இன்னா பண்ணிருப்பீங்க?”

தனசிங்குக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், தெரிந்திருந்தது. அப்போதும் ஏதாவது ஒரு குறுகலான பாலத்தைக் கண்டுபிடித்திருப்பார்.

“நாச்சியைத் திருப்பிக் கொண்டு வந்துடலாம்” என்றார். “அந்த அடி பட்டதே இல்லன்னு…”

“அதெல்லாம் வேணாம் சார். செத்துட்டா. நோட்டுல எழுதி முடிச்சிட்டேன்.” அவள் கையுறையைக் கழற்றினாள். “அவங்க கிட்ட சொல்லுங்க. மூணு பேரும் சிரிச்சாங்க இல்ல, அவங்களுக்குத் தெரியணும். ஆனா நான் இல்லாதப்போ சொல்லுங்க. நான் இருந்தா எல்லாரும் என் மூஞ்சியப் பாப்பாங்க. நான் பரவாயில்லன்னு சொல்ற மாதிரி ஆயிடும்.”

“சரிம்மா.”

“ரிப்போர்ட் பதினோரு மணிக்கு” என்றாள். “அடுத்த டோக்கன் நிக்கறாங்க சார்.”

ரிப்போர்ட்டை அவர் பள்ளி முடிந்து போய் வாங்கினார். சர்க்கரை எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தது. சும்மா போட்ட டெஸ்டில் அது தெரியவந்ததை நினைத்து அமலராணி தேவனுக்கு நன்றி சொன்னார். தனசிங்குக்கு அதிலும் கூச்சமாகவே இருந்தது. மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் ஆதாயம் தனக்குத்தான் கிடைத்தது என்று பட்டது.

ஞாயிறு மூன்று மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். தனசிங் சார்ட் தாளை விரிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து நூற்று நாலாம் பக்கத்து வரியை முழுக்கப் படித்தார். அதைத் தமிழில் சொன்னார். பிறகு, “நான் தப்பா படிச்சேன். கெசியா சரியா படிச்சா. அது எனக்கு மறுநாளே தெரியும். உங்ககிட்ட மறைச்சேன். அவ பேச்சைக் கிண்டல் பண்ணி உங்களை எல்லாம் சிரிக்க வெச்சேன்” என்றார். வீட்டில் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு வந்த வாக்கியங்கள். நாலாவது முறையும் நாக்கு தடுமாறியது.

சினேகா அவசரமாக, “சார், விளையாட்டுதானே சார். அவ ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டா” என்றாள்.

“நினைச்சா சினேகா” என்றார். “என்கிட்டயே சொன்னா.”

ஜோசலின் மேசையைப் பார்த்துக்கொண்டு, “நானும் சிரிச்சேன்” என்றாள்.

பென்னிதான் கடைசியில் பேசினான். “சனிக்கிழமை கேட்டேனே சார்.”

“கேட்டே.”

“பாலம் நாலு கட்டம் அகலம் சார். எனக்குத் தெரியும். வேற ஏதோ ரூல் இருக்கும் போலன்னு வீட்டுக்குப் போய்த் தேடினேன். ரெண்டு மணி நேரம் தேடினேன்.”

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். தேடினேன் என்று சாதாரணமாகச் சொன்னான். இல்லாத விதியைத் தன் வார்த்தையை நம்பி ஒருவன் இரண்டு மணி நேரம் தேடியிருக்கிறான். அது தனசிங்கை மற்ற எதையும்விடக் குறுக வைத்தது. “நான் பொய் சொன்னேன் பென்னி” என்றார். அன்று ஆட்டம் நடக்கவில்லை. டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அன்று மாலையே ஆறாவது பக்கத்தைத் திருத்தினார். ‘கடுமையாக்கி’ என்று இருந்த குறிப்பை எடுத்துவிட்டு, ‘இந்த விதியை நான் ஐந்து ஆண்டுகள் தவறாக நடத்தினேன். எங்கள் மேசையில் சரியாகப் படித்தவர் ஒருவர் சுட்டிக்காட்டியபோது கேட்கவில்லை’ என்று எழுதினார். பெயர் போடவில்லை. கெசியாவிடம் கேட்டபோது, “என் பேர் எதுக்கு சார், வேணாம்” என்று பதில் வந்தது. ஜேசனுக்கும் போன் செய்து, அந்தக் குறுகல் பால விளக்கம் தப்பு, வந்தவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்றார். “அட, விடுங்க சார், யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது” என்றார் ஜேசன். “எனக்காகச் சொல்லிருங்க” என்று தனசிங் கேட்டுக்கொண்டார். ஜேசன் சொன்னாரா என்று தெரியாது. பழைய பிரதிகள் இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கின்றன. போன மாதம்கூட ஒருவர் பழைய குறிப்போடு இருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, உங்கள் எழுத்து அருமை என்று சொன்னார். தனசிங் புதிய பிரதியை அனுப்பி, ஆறாம் பக்கத்தைத் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதினார்.

வகுப்பில் அவர் மாறிவிட்டார் என்று சொல்வதற்கில்லை. இரண்டு முறை வாய்வரை வந்ததை விழுங்கினார். மூன்றாவது முறை வாயை மீறி வந்துவிட்டது, வகுப்பு சிரித்தது. பீரியட் முடிந்ததும் அந்தப் பிள்ளையை வெளியே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அது என்ன செய்வதென்று தெரியாமல், “தேங்க்யூ சார்” என்று சொல்லிவிட்டு ஓடியது.

கெசியா திரும்ப வரவில்லை. சில மாதத்தில் அகரம்தென்னில் தன் வீட்டு மொட்டை மாடியில், கூட வேலை செய்யும் இரண்டு பேரை வைத்துக்கொண்டு அவளே ஆட்டம் நடத்தத் தொடங்கினாள். சினேகாவும் அங்கே போய்விட்டாள். முழுக்கத் தமிழில் ஆடுகிறார்கள். நடுநடுவே தனசிங்கின் பதினோரு பக்கத்தையும் பார்த்துக்கொள்கிறார்களாம்.

ஒரு ஞாயிறு மதியம் கெசியாவே போன் செய்தாள். பின்னால் காற்றும் பேச்சும் கேட்டன. “சார், தண்ணிக்குள்ள சண்டை போட்டா ஈட்டிக்கு ஏதாச்சும் கம்மியாவுமா? இவங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க.”

தனசிங்குக்கு விடை தெரியும் என்று தோன்றியது. “ஒரு நிமிஷம்மா, பார்த்துச் சொல்றேன்” என்று புத்தகத்தை எடுத்தார். பக்கத்தைக் கண்டுபிடித்து, கமாவுக்கு நின்று நின்று, வரியை முழுக்கப் படித்தார். அவர் நினைத்திருந்தது பாதிதான் சரி.

“ஈட்டிக்கு ஒண்ணும் குறையாது கெசியா. மத்த ஆயுதத்துக்குத்தான்.”

“அதைத்தான் நானும் சொன்னேன்” என்றாள் அவள், அவரிடம் இல்லை, அங்கிருந்தவர்களிடம். யாரோ சிரித்தார்கள். “தாங்க்ஸ் சார்” என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை அப்படிக் கேட்டிருக்கிறாள். விதி மட்டும்தான் கேட்பாள். தன் மேசைக்கு ஆட வாருங்கள் என்று ஒருமுறையும் அழைத்ததில்லை. தனசிங்கும் கேட்டதில்லை.